அத்தியாயம் 7: கீழே மளிகை, மேலே வீடு – கடை திறக்கும் நாள் ஏன் தள்ளிப்போகிறது?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், அனகாஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே, ஸ்கைலேண்ட் என்றொரு வணிக வளாகம் இருந்தது. 1940-களில் எழுந்தது, பரப்பு சுமார் 18.5 ஏக்கர். பழைய கடைகளை அகற்றிவிட்டு, வீடுகளும் கடைகளும் அவற்றுக்கு நடுநாயகமாக ஒரு பெரிய மளிகைக் கடையும் கொண்ட குடியிருப்பு வளாகம் அமைக்க நகர நிர்வாகம் முடிவெடுத்தது. நிலத்தைக் கையகப்படுத்த நகர மன்றம் சட்டம் இயற்றிய ஆண்டு 2004. அந்த மண்ணில் மளிகைக் கடை திறந்தது 2022 செப்டம்பரில். சட்டம் வந்த ஆண்டில் பிறந்த குழந்தை, கடை திறந்தபோது ஓட்டுப் போடும் வயதை எட்டிவிட்டது.

இத்தனை காலம் காத்திருந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆற்றுக்குக் கிழக்கே உள்ள 7, 8-ஆம் வார்டுகளில் வாழ்பவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். பல ஆண்டுகளாக அவர்களுக்கு இருந்தவை மூன்றே முழுமையான சூப்பர் மார்க்கெட்டுகள். கார் இல்லாத குடும்பம் காய்கறிக்கும் பாலுக்கும் பேருந்து ஏறிப் போய், பைகளைச் சுமந்து திரும்ப வேண்டும். கட்டுமானத் திட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி தள்ளிப்போனால், இந்தப் பயணம் இன்னும் ஓராண்டு நீள்கிறது.

செங்கல்லும் சிமென்டும் எடுத்துக்கொண்ட நேரம் அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் சிறு பகுதிதான். மீதியை விழுங்கியவை பத்திரம், வழக்கு, அனுமதி, வாடகை ஒப்பந்தம், கடன். ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்துக்காக இன்னொரு கையெழுத்து காத்திருந்தது. எந்தக் கையெழுத்து எதற்காகக் காத்திருக்கிறது, விலகிப் போகிறவர் அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல ஆண்டுகளை மிச்சப்படுத்தலாம். குடியிருப்போர் சங்கத்தினரும் வார்டு உறுப்பினர்களும் சிறு கட்டுமான நிறுவனத்தினரும் இதை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

ஸ்கைலேண்டில் காலம் போன வழி

அந்த 18.5 ஏக்கரும் ஒருவருடையதல்ல. துண்டு துண்டாகப் பல உரிமையாளர்களிடம் இருந்தது. சிலர் விற்கச் சம்மதித்தார்கள், சிலர் மறுத்தார்கள். ஒரு தனியார் திட்டத்துக்காக அரசு நிலத்தைப் பறிக்கலாமா என்ற கேள்வி அப்போது நாடு முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது. 2005-இல் கெலோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளாதார வளர்ச்சிக்காகக் கையகப்படுத்துவதும் பொதுப் பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஸ்கைலேண்ட் வழக்கு அதோடு முடியவில்லை. பொது நன்மை என்பது வெறும் சாக்கு என்று வாதிட ஒரு கடை உரிமையாளருக்கு இடம் உண்டு என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் சொன்னது. அதே நீதிமன்றம் இறுதியில் நகருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2012.

இதற்கிடையே 2010-இல், நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் மண்டல ஆணையம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்துவிட்டது. ஆனால் நிலத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது. முன்பு அங்கே கடை வைத்திருந்த சேஃப்வே நிறுவனம் தெருவைத் தாண்டி எதிர்ப்புறம் இடம் மாறியபோது, விட்டுச் சென்ற நிலத்தில் வேறு மளிகைக் கடை வரக் கூடாது என்று நிபந்தனை எழுதிவைத்திருந்தது. மளிகைக் கடைக்காகவே தீட்டிய திட்டத்தின் நிலத்தில் மளிகைக் கடைக்குத் தடை! அதைப் பேசித் தீர்க்கவே நீண்ட காலம் ஆனது.

அதுவும் தீர்ந்த பிறகு வந்ததுதான் பெரிய அடி. முதன்மைக் கடையாக வருவதாக இருந்த வால்மார்ட், உலகெங்கும் 269 கடைகளை மூடப்போவதாக 2016 ஜனவரியில் அறிவித்தது. கட்டாமலே கைவிட்ட பட்டியலில் ஸ்கைலேண்டும், அதே 7-ஆம் வார்டில் கேபிடல் கேட்வே என்ற இடத்தில் வரவிருந்த கடையும் சேர்ந்துகொண்டன. நகரின் மற்ற பகுதிகளில் அந்த நிறுவனத்தின் மூன்று கடைகள் அதற்குள் திறந்திருந்தன. மேயர் மியூரியல் பௌசர் தம் கோபத்தை வெளிப்படையாகவே சொன்னார். கோபத்தால் கடை வராது. பழைய கட்டடங்களை இடித்துச் சமன்படுத்திய நிலம் வெறுமையாகக் கிடந்தது.

பிறகு செய்த மாற்றம் கவனிக்கத்தக்கது. பெரிய கடை வரட்டும், எல்லாம் சேர்ந்து தொடங்கலாம் என்ற ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். 263 வீடுகளும் தரைத்தளத்தில் கடைகளும் கொண்ட கட்டடத்தின் வேலை 2018-இல் தனியாகத் தொடங்கியது. மளிகைக்கு ஜெர்மனியைச் சேர்ந்த லிடில் நிறுவனம் வந்தது. வால்மார்ட் போட்ட திட்டத்தைவிடப் பல மடங்கு சிறிய கடை. சிறிய கடைக்குச் சிறிய கட்டடம், சிறிய முதலீடு, குறைந்த வாகன நிறுத்தம் போதும். அதனால்தான் அது நடந்தது.

மண்ணுக்கு அடியிலும் பத்திரத்துக்கு உள்ளேயும்

பழைய கடை வளாகத்தை வாங்கும்போது முதலில் படிக்க வேண்டியது வில்லங்கம். கடன் பாக்கி மட்டும் வில்லங்கமல்ல. போட்டிக் கடைக்குத் தடை, வாகன நிறுத்தத்தைப் பக்கத்து மனையோடு பகிரும் உடன்பாடு, பழைய வாடகைதாரருக்குக் கொடுத்த தனியுரிமை ஆகிய எல்லாமே நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். மளிகை நிறுவனங்கள் இடம் மாறும்போது போட்டியாளர் நுழையாதபடி இப்படி எழுதிவைப்பது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். சிகாகோ, வாஷிங்டன் போன்ற நகரங்கள் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தன. சட்டம் இல்லாத ஊரில் நிபந்தனையை நீக்கப் பணம் கொடுத்தே பேச வேண்டியிருக்கும். நிலம் வாங்கும் முன் பேசினால் விலை குறைவு. திட்டம் அறிவித்த பிறகு போய் நின்றால், எதிர்த்தரப்பு கேட்டதுதான் விலை.

அடுத்தது மண். அமெரிக்கப் புறநகர்க் கடை வளாகங்கள் பலவற்றில் பெட்ரோல் நிலையமோ உலர் சலவைக் கடையோ இருந்திருக்கும். சலவையில் பயன்படுத்திய பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கான்கிரீட் தரையையும் ஊடுருவி நிலத்தடி நீர்வரை போகும். அதன் ஆவி மேலெழுந்து புதுக் கட்டடத்துக்குள்ளும் புகும். மேலே வீடுகள் வரும் இடத்தில் இதற்கான பாதுகாப்பு அளவுகோல், வெறும் கடைக்கானதைவிடக் கடுமையானது. முதற்கட்ட ஆய்வு பழைய ஆவணங்களைத் தேடிப் பார்ப்பது. இரண்டாம் கட்டம் மண்ணைத் துளைத்து மாதிரி எடுப்பது. முன்பு அங்கே சலவைக் கடை இருந்தது தெரிந்தால் முதற்கட்டத்தோடு நிற்கக் கூடாது. அடித்தளம் தோண்டும் நாளில் மாசு தெரியவந்தால் இயந்திரங்களும் ஆட்களும் சும்மா நிற்க, வாடகையும் வட்டியும் ஓடும்.

அனுமதி என்னும் நீண்ட வரிசை

கீழே கடை, மேலே வீடு என்பது மனிதர்கள் நகரம் கட்டிய நாள் முதல் இருந்துவரும் ஏற்பாடு. அமெரிக்காவில் அதற்குத் தனி அனுமதி தேவைப்படுவதற்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டுப் பகுதி, வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று ஊரைக் கூறுபோடலாம் என 1926-இல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்பின் பெரும்பாலான ஊர்களின் விதிப்புத்தகம் இரண்டையும் பிரித்தே எழுதப்பட்டது. சேர்த்துக் கட்ட விரும்புகிறவர் விதிவிலக்கு கேட்டு நிற்க வேண்டும். விதிவிலக்கு என்றால் பொது விசாரணை. விசாரணை என்றால் எதிர்ப்பு. எதிர்ப்பு வலுத்தால் வழக்கு.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் யுனிவர்சிட்டி அவென்யூவில் 148 வீடுகளும் கீழே டிரேடர் ஜோஸ் மளிகைக் கடையும் கொண்ட கட்டடத்துக்கு நகரம் 2007-இல் அனுமதி அளித்தது. கடைக்கு வேண்டிய வாகன நிறுத்தத்துக்காக விதிகளைத் தளர்த்தியது செல்லுமா என்று வழக்கு எழுந்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரின் பக்கம் நின்றது. 2010-இல் கடை திறந்தது. வழக்குத் தொடுப்பது குடிமக்களின் உரிமை. அதைக் குறை சொல்வதில் பயனில்லை. தளர்வுகள் ஒவ்வொன்றுக்கும் ஏன் தேவை என்ற காரணத்தை அனுமதி ஆணையிலேயே விரிவாக எழுதிவைப்பதுதான் பயன் தரும். நீதிமன்றம் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

எந்தக் கடை வருகிறது என்பதும் அனுமதியைத் தொடும். சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2006-இல் நிறைவேற்றிய ஒரு முன்மொழிவின்படி, பல கிளைகள் கொண்ட சங்கிலிக் கடை எதுவானாலும் அக்கம்பக்க வணிகத் தெருக்களில் நுழையத் தனி விசாரணையைக் கடக்க வேண்டும். சில தெருக்களில் முழுத் தடையே உண்டு. சிறு வணிகரைக் காக்கும் நோக்கம் நியாயமானது. ஆனால் புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தை நிரப்பும் அளவு முதலீடு உள்ள மளிகை நிறுவனங்கள் பெரும்பாலும் சங்கிலிக் கடைகளே. ஆகவே கட்டட அனுமதியும் கடை அனுமதியும் ஒன்றன்பின் ஒன்றாக வராமல், ஒரே விசாரணையில் முடியுமாறு கேட்டுப் பெற வேண்டும்.

நேர்மாறான வழியை நியூயார்க் காட்டியது. 2009-இல் தொடங்கிய 'ஃப்ரெஷ்' திட்டத்தின்படி, கடை குறைந்த பகுதிகளில் புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மளிகைக் கடை வைத்தால், கடையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஈடாகக் கூடுதலாக ஒரு சதுர அடி வீடு கட்டிக்கொள்ளலாம். உச்சவரம்பு 20,000 சதுர அடி. வாகன நிறுத்த விதியிலும் சலுகை உண்டு. முழு நீள விதிவிலக்கு விசாரணைக்குப் பதில் திட்ட ஆணையத் தலைவரின் சான்று போதும். காய்கறி, பழங்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உள்ளே இருக்கிறது. பெயருக்கு ஒரு தின்பண்டக் கடை வைத்துவிட்டுச் சலுகையை அள்ள முடியாது.

அனுமதிக்கும் ஆயுள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. வாஷிங்டனில் ஸ்கைலேண்டுக்குக் கிடைத்தது போன்ற மண்டல ஆணைய ஒப்புதல் கிடைத்தால் இரண்டு ஆண்டுக்குள் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்து, மூன்று ஆண்டுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். தவறினால் நீட்டிப்பு கேட்டு மீண்டும் ஆணையத்தின் முன் நிற்க வேண்டும். ஒரு தாமதம் இன்னொன்றைப் பெற்றுப்போடுவது இப்படித்தான்.

பணம்: கோழியா, முட்டையா?

மளிகை வியாபாரத்தில் லாபம் மெலிந்தது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு நூறு டாலருக்கு விற்றால் எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது ஒன்று முதல் மூன்று டாலர். ஆகவே அவை உயர்ந்த வாடகை தர முடியாது. புதுக் கட்டடத்தின் தரைத்தளமோ செலவு மிக்கது. இந்தப் பள்ளத்தை மேலே உள்ள வீடுகளின் வாடகையோ பொதுப் பணமோ நிரப்ப வேண்டும்.

பள்ளத்தை நிரப்பினாலும் சுழல் ஒன்று காத்திருக்கிறது. கடை ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் கடன் என்கிறது வங்கி. கடன் உறுதியாகி வேலை தொடங்கும் நாள் தெரிந்தால்தான் ஒப்பந்தம் என்கிறது மளிகை நிறுவனம். வீடுகளுக்கான அரசு உத்தரவாதக் கடன்களில் வணிகப் பரப்புக்கு உச்சவரம்பு இருப்பதால் சில திட்டங்கள் கடைப்பகுதிக்கு வேறு கடன் தேட வேண்டியிருக்கும். இரண்டு கடன் என்றால் இரண்டு வழக்கறிஞர் குழு, இரண்டு நிபந்தனைப் பட்டியல். வரிச் சலுகை, நகர மானியம், மாநில மானியம் என்று அடுக்க அடுக்க, எல்லாரும் ஒரே நாளில் கையெழுத்திடுவது கடினமாகிறது.

அந்த நாள் தள்ளிப்போகும்போது சந்தை மாறிவிடும். 2022 மார்ச்சில் ஏறத்தாழ பூஜ்யத்தில் இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம், 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்தைத் தொட்டது. குறைந்த வட்டியில் கணக்குப் போட்டு அனுமதிக்குக் காத்திருந்த திட்டங்கள் நாடெங்கும் நின்றுபோயின.

பென்சில்வேனியா மாநிலம் இந்தச் சுழலை உடைக்க 2004-இல் ஒரு நிதியை உருவாக்கியது. மாநிலம் 3 கோடி டாலர் போட்டது. அதன்மேல் தனியார் பணம் சேர்ந்தது. 88 கடைகள் பயன்பெற்றன. ஃபிலடெல்ஃபியாவின் புரோகிரஸ் பிளாசாவுக்கும் இந்த நிதி கைகொடுத்தது. பாதிரியார் லியோன் சல்லிவன் தலைமையில் கறுப்பின மக்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1968-இல் கட்டிய வளாகம் அது. அங்கிருந்த சூப்பர் மார்க்கெட் 1990-களின் இறுதியில் வெளியேறியபின், 2009 டிசம்பரில்தான் அடுத்தது வந்தது. கடை ஒப்பந்தத்துக்கு முன்பே பணம் தரத் தயாராக ஒரு பொது நிதி இருந்தால் வங்கியும் மளிகை நிறுவனமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

வரைபடத்தில் ஒளிந்திருக்கும் மாதங்கள்

வீட்டுக் கட்டடமும் மளிகைக் கடையும் கட்டட அமைப்பில் எதிரெதிர். வீட்டுக்குச் சுவர்கள் நெருக்கமாக வேண்டும். கடைக்குத் தூண்கள் விலகி நிற்க வேண்டும், கூரை உயரமாக வேண்டும். மேல்தளச் சுவர்களின் பாரத்தை விலகிய தூண்களுக்கு மாற்றித் தர இடையில் கனமான கான்கிரீட் தளம் போடுகிறார்கள். மரச்சட்ட வீடுகள் மேலே வந்தால், அந்தத் தளம் மூன்று மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதி.

சரக்கு லாரியின் கதை இன்னொன்று. 53 அடி நீள டிரெய்லர் பின்னோக்கி வந்து நிற்க இடம் வேண்டும். அது விடியற்காலையில் வரும். மேலே ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். குளிர்பதன இயந்திரங்கள் தனிக் கடையில் கூரைமேல் இருக்கும். இங்கே கூரை வீட்டுக்காரர்களுடையது. புகைபோக்கி, கழிவெண்ணெய்த் தொட்டி, குப்பை அறை எல்லாவற்றுக்கும் வீடுகளைக் கடந்து பாதை ஒதுக்க வேண்டும். எந்தக் கடை வரும் என்று தெரியாமல் வரைந்த கட்டடத்தில் இவை பொருந்தாது. பிறகு வரும் நிறுவனம் மாற்றம் கேட்கும். மாற்றம் மறு அனுமதிக்குப் போகும்.

மின்சாரமும் அப்படியே. கடையின் குளிர்பெட்டிகள் இரவு பகலாக ஓடுவதால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தேவை. பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்காவில் அதற்கான காத்திருப்பு ஓராண்டைத் தாண்டியது. பல இடங்களில் கட்டடம் முடிந்தும் மின்சாரம் வரவில்லை. குளிர்பதன வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2020-இல் வந்த சட்டம் இன்னொரு சிக்கல். அதற்கு முன் வரைந்து கிடப்பில் போட்ட குளிர்பதன அமைப்பை மறுபடி வடிவமைக்க வேண்டியிருக்கும்.

பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டியவை

அழகான வண்ணப் படத்தைக் காட்டிக் கூட்டத்தை முடித்துவிடுவது எளிது. கீழ்க்கண்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்டால் திட்டத்தின் உண்மை நிலை தெரியும்.

1. மளிகை நிறுவனம் தந்திருப்பது விருப்பக் கடிதமா, கையெழுத்தான வாடகை ஒப்பந்தமா? விருப்பக் கடிதம் பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது.

2. ஒப்பந்தம் என்றால், எந்தத் தேதிக்குள் கடை ஒப்படைக்கப்படாவிட்டால் நிறுவனம் விலகலாம்? அந்தத் தேதி அனுமதி அட்டவணையோடு பொருந்துகிறதா?

3. நிறுவனம் தானாக விலகினால் என்ன இழப்பீடு? அது யாருக்குப் போகும்?

4. நிலப் பத்திரத்தில் மளிகைக் கடைக்குத் தடை, தனியுரிமை, பகிர்வு உடன்பாடு ஏதேனும் உண்டா?

5. மண் ஆய்வு எந்தக் கட்டம்வரை முடிந்திருக்கிறது?

6. கடை நிறுவனம் விலகினாலும் வீடுகளைக் கட்டி முடிக்க முடியுமா? இரண்டும் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா?

7. டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டதா?

8. அனுமதி எந்தத் தேதியில் காலாவதியாகிறது?

ஆறாவது கேள்வி இருமுனைக் கத்தி. பிரித்தால் வீடுகள் சீக்கிரம் வரும். ஆனால் வீடுகளைக் கட்டி லாபம் பார்த்தபின் கடையை மறந்துவிடவும் வாய்ப்பு உண்டு. இதற்கு ஒரு வழி: கடைப்பகுதியின் வெளிச்சுவர், மின் இணைப்பு, சரக்கு வாசல் ஆகியவை முடிந்த பின்னரே கடைசித் தவணைப் பொதுப் பணம் விடுவிக்கப்படும் என்று நகரம் எழுதிக்கொள்வது.

காத்திருக்கும் காலத்திலும், திறந்த பின்னும்

திட்டம் எவ்வளவு சீராக நடந்தாலும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை மக்கள் சாப்பிட வேண்டும். வாஷிங்டனில் 2012 முதல் ஆர்கேடியா என்ற அமைப்பு நடமாடும் சந்தை வண்டியில் பண்ணைக் காய்கறிகளைக் கடை குறைந்த பகுதிகளுக்குக் கொண்டுசென்று விற்றது. அரசின் உணவு உதவி அட்டையையும் ஏற்றுக்கொண்டது. வெறும் மனை கிடக்கும் காலத்தில் வாரச் சந்தைக்கும் நடமாடும் கடைக்கும் அதே இடத்தில் அனுமதி தருவதையும், அருகில் உள்ள பெரிய கடைக்குப் பேருந்து இணைப்பு தருவதையும் நில உடன்பாட்டிலேயே நிபந்தனையாகச் சேர்க்கலாம். தாமதத்தின் செலவில் ஒரு பங்கை மேம்பாட்டாளரும் ஏற்கும்போது அட்டவணையில் அவருக்கு அக்கறை கூடும்.

கடை திறந்த பிறகும் வேலை முடிவதில்லை. பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் மக்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டு காத்திருந்து 2013-இல் பெற்ற கடை 2019-இல் மூடியது. வாஷிங்டனின் எச் தெருவில் 303 வீடுகளுக்குக் கீழே 2013-இல் திறந்த வால்மார்ட், 2023-இல் மூடியது. சிகாகோவின் எங்கிள்வுட்டில் நகரம் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு இடத்தைத் தயாராக்கி, 2016-இல் ஹோல் ஃபுட்ஸ் கடையைக் கொண்டுவந்தது. 2022-இல் அது வெளியேறியது. அந்த இடத்தில் மீண்டும் மளிகைக் கடையே வர வேண்டும் என்று நகரோடு செய்த உடன்பாட்டில் எழுதியிருந்ததால் வேறொரு மளிகை நிறுவனம் அங்கே வந்தது.

ஆகவே பொதுப் பணமோ பொது நிலமோ கொடுக்கும் நகரம் உடன்பாட்டில் நான்கு வரிகளைச் சேர்க்க வேண்டும். குறைந்தது எத்தனை ஆண்டு கடை நடக்க வேண்டும் என்பது முதல் வரி. மூடுவதற்கு எத்தனை மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூடிய பின் வாடகை கட்டிக்கொண்டே இடத்தைப் பூட்டிவைக்க முடியாது என்பது மூன்றாவது. வெளியேறும் நிறுவனம் அடுத்த மளிகைக் கடைக்குத் தடை எழுதிவைக்க முடியாது என்பது நான்காவது. இவற்றைக் கேட்க வேண்டிய நேரம் நகர மன்றம் நிலத்தை ஒப்படைக்கும் தீர்மானத்தில் வாக்களிப்பதற்கு முந்தைய வாரங்கள். நகரிடம் பேரம் பேசும் வலு உள்ள காலம் அதுதான். வரைவு உடன்பாட்டின் நகலை அப்போதே கேட்டு வாங்கி, சங்கத்தில் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்ல வேண்டும்.